காக்கைச் சத்தம் நீக்கவும்

பொறாமை என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், பொறாமைதான். ஈச்சந்துறையில் ஒரே நாளில் காக்கைகள் எல்லாம் காணாமல் போனதற்கும், அமாவாசைச் சோறு பேருந்து ஏறி அக்கரைக்குப் போனதற்கும், ஊரில் ஒரு குக்கர்கூட விசில் அடிக்காமல் வாயடைத்து நின்றதற்கும் காரணம் நான் எழுதிய இரண்டு வரி, அந்த இரண்டு வரிக்கும் காரணம் என் வயிற்றெரிச்சல்.

என் பெயர் பிறவிப்பெருமாள், தொழில் பத்திரம் எழுதுவது. வடக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, இதற்கு உட்பட்ட நிலம் இன்று முதல் இன்னாருடையது என்று நான் எழுதினால், நேற்றுவரை அந்த நிலத்தில் எருமை மேய்த்தவர் இன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்துவார். ஆகவே நான் எழுதினால் நடக்கும் என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல, பின்னால் நடந்ததை யாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்காததும் அதனால்தான்.

எங்கள் ஊர் இன்னிசை மன்றம் ஒவ்வொரு வைகாசியிலும் பாட்டுப் போட்டி நடத்தும். சொந்த வார்த்தை, சொந்த மெட்டு, சொந்த வீட்டில் செல்போனில் பதிந்தது, இந்த மூன்றும்தான் நிபந்தனை. முதல் பரிசு மாலையோ கேடயமோ அல்ல. ஆனித் தேரோட்டத்தன்று வடம் பிடிக்கும் முன்பு, நாலு ரத வீதியிலும் கட்டியிருக்கிற குழாய் ஒலிபெருக்கிகளில் அந்தப் பாட்டு ஒலிக்கும், ஊர் மொத்தமும் கையில் வடத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுவிட்டுத்தான் தேரை இழுக்கும். அந்த ஒரு காலைக்காகப் பன்னிரண்டு வருடமாக நான் ஒரே பாட்டைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். பொருநையே, பொதிகையின் பொன்மகளே என்று தொடங்கும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, என் மனைவி கோமதியை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, ஒரு ஈயின் சத்தம்கூட விழாமல் ஏழு வருடம் பதிந்து அனுப்பினேன், ஏழு வருடமும் ஆறுதல் பரிசுகூட இல்லை. எட்டாவது வருடம் மன்றத்தின் செயலாளர் காஜா மைதீன், ஊருக்கே மைக்செட் போடுகிறவர், என்னைக் கூப்பிட்டு, "பாடுதத விட்டுரும்வே, உமக்கு எழுத்து நல்லா இருக்கு, மத்தவன் பாட்டுக்குக் கருத்து எழுதும்" என்றார். பந்தியில் இடமில்லாதவனுக்குப் பரிமாறும் வேலை.

கருத்துத் தாளில் மூன்று கட்டங்கள் உண்டு. நிறை, அறிவுரை, குறை. மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் தாள் செல்லாது, பாட்டு தள்ளுபடி. மன்றத்தைத் தொடங்கியவர் வைத்த விதி அது. குறையில்லாத பாட்டு என்று ஒன்று வந்துவிட்டால் மற்றவர்கள் பாட வெட்கப்படுவார்கள் என்று அவர் நினைத்தார். தாள்களை ஞாயிற்றுக்கிழமை மன்றத்துச் சுவரில் ஒட்டுவார்கள், பாட்டைக் கேட்காதவர்கள்கூட குறையைப் படிக்க வருவார்கள். எனக்கு அந்தக் கட்டம் வெல்லம். தபால்காரர் பாட்டில், உமது கட்டில் உம்மைவிடச் சுருதியாகக் கிறீச்சிடுகிறது என்று எழுதினேன். நிலவே என்று தொடங்கிய பதினான்கு பேருக்கும், நிலவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கவும் என்று எழுதினேன். ஊர் சிரித்தது, நானும் நாலு வருடம் அந்தச் சிரிப்பில் காலத்தை ஓட்டினேன்.

ஐந்தாவது வருடம் முப்பத்தொன்றாம் எண்ணில் முப்பிடாதியின் பாட்டு வந்தது.

முப்பிடாதி எங்கள் தெரு மாவு மில்லில் மாவு அரைப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும், மில்லுக்குப் பின்னாலேயே வீடு. அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதெல்லாம், "நைசாவா சார், கொறகொறன்னா?" என்கிற ஒரு கேள்விதான். அவள் அரிசிப்பானையின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் பாடியிருந்தாள், குரல் பானையில் மோதித் திரும்பியதிலேயே அது தெரிந்தது.

யார் வீட்டு அரிசியோ
என் தலையில் நரையாச்சு,
யார் வீட்டு விருந்துக்கோ
என் பொழுது மாவாச்சு.

முதல் இரண்டு அடி முடிந்ததும் ஜன்னல் பக்கமிருந்து ஒரு காக்கை, கா என்று ஒரே ஒரு தடவை கத்தியது, அதற்குப் பதில் சொல்வதுபோல அவள் அடுத்த அடியை எடுத்தாள். நாலாவது அடி முடியும்போது பக்கத்து அறையில் குக்கர் விசில் அடித்தது, அதுவும் சுருதியில் நின்றது. இன்னும் சில அடிகள் கழித்து, கடைசி வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்டது, பிறகு அந்த வரி வந்தது, நான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஏழு தடவை கேட்டேன். ரசிக்க அல்ல, குறை கண்டுபிடிக்க. பதினோரு வருடம் அகராதியைப் புரட்டிப் புரட்டி நான் தேடியது இவளுக்கு இட்லி மாவுக்கும் புட்டு மாவுக்கும் நடுவில் கிடைத்திருக்கிறதே என்று நெஞ்சு காந்தியது. நிறை என்ற கட்டத்தில், முயற்சி பாராட்டத்தக்கது என்று எழுதினேன். அறிவுரையில், பயிற்சி தேவை என்று எழுதினேன். குறையில், பின்னணியில் காக்கைச் சத்தம் கேட்கிறது, நீக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு மாலை தாள் சுவரில் ஏறியது, திங்கள் காலை ஈச்சந்துறையில் காக்கை இல்லை.

பாட்டிலும் இல்லை, காக்கை கத்திய இடத்தில் பல் விழுந்த இடம்போல ஒரு காலி இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் உட்காரக் காக்கையே இல்லை. முதல் இரண்டு நாள் பெண்களுக்குச் சந்தோஷம், மொட்டை மாடியில் வற்றலைக் காயப்போட்டுவிட்டுக் காவலில்லாமல் கீழே இறங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் மீன் சந்தையில் குடல் மலைபோலக் குவிந்தது. காக்கை கரைந்து சொல்லாததால் விருந்தாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள், உலையில் அரிசி போட்ட பிறகு வந்த சம்பந்திகளால் மூன்று வீடுகளில் மனஸ்தாபம். வெள்ளிக்கிழமை அமாவாசை. இலையில் சோறு வைத்துவிட்டு கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, காக்கை தொடாமல் சாப்பிட மனம் வராமல், ஊர் முழுக்க மத்தியானம் இரண்டு மணிவரை பட்டினி கிடந்தது.

பிறகு ஊர் தனக்கு ஒரு வழி செய்துகொண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காக்கைகள் இருந்தன, எங்கள் ஊர் எல்லைக்குள் மட்டும்தான் இல்லை. இரண்டு நாற்பது பேருந்தில் சோற்றுத் தூக்குகள் ஏறின, "காக்காச் சோறு எல்லாம் பின்னால போங்க, படியில நிக்காதிய" என்று நடத்துநர் கூவினார். அக்கரைக் காக்கைகளுக்கு நம் முன்னோரைத் தெரியாதே என்ற கவலையில் ஒவ்வொருவரும் இறந்தவரின் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் உரக்கச் சொல்லிச் சோறு வைத்தார்கள். அரிசிக்கடைக்காரர் மட்டும் போகவில்லை, அவருடைய அப்பா அக்கரைக்காரர்களோடு வாய்க்கால் தகராறில் சாகும்வரை பேசாமல் இருந்தவர், செத்த பிறகு அங்கே போய் எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்டார். அது நியாயம் என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. மாறாக மரியாதை கூடியது. "எங்க மாமியா குறட்டையையும் ஒரு வரி எழுதிருங்க அண்ணாச்சி" என்று ஒரு பெண் வாழைத்தார் கொண்டுவந்தாள். எழுதிக் கொடுத்தேன், குறட்டை போகவில்லை. அந்த முப்பத்தொன்றாம் தாளில், அந்தக் குறைக் கட்டத்தில் எழுதுவது மட்டும்தான் போகும் என்று தெரிந்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், ஊரும் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை முப்பிடாதி என் மேசைக்கு வந்தாள். கையில் என் கருத்துத் தாளின் நகல், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சார், நீங்க சொன்ன மாதிரி காக்கா சத்தம் இல்லாம நாலு தடவ பதிஞ்சு பாத்தேன். வரல சார். அந்த எடத்துல வந்து நிக்குது. அதும்பாட்டுக்கு தினமும் ஜன்னல்ல வந்து கத்தும், அது கத்துனாத்தான் எனக்கு அடுத்த வரி வாயில வரும்."

"பயிற்சி பண்ணணும்மா" என்றேன்.

"பண்ணுதேன் சார்." அவள் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் ஒரு வரி எழுதுனதில்ல. மூணு கட்டத்துக்கும் எழுதிருக்கிய. அதான் உறை போட்டு வச்சுக்கிட்டேன்."

பாட்டும் நல்ல பாட்டு, ஆளும் நல்ல ஆள். ஒரு மனிதனுக்குப் பொறாமைப்படுவதற்கு எதிராளி ஏதாவது ஒரு வசதியாவது செய்து தர வேண்டாமா?

அன்று சாயங்காலம் காஜா மைதீன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "குறைய மாத்தி எழுதும்வே. காக்கா வரணும், ஊருக்குச் சங்கடமா இருக்கு."

"மாத்தினா அந்தப் பாட்டு ஜெயிச்சிரும்."

"ஜெயிச்சா என்ன?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையில் என்னுடைய ஏழு வருடப் பாட்டும் இருந்தது. புதுத் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். காக்கையை விட்டுவிட்டேன், ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே. குக்கர் விசில் இடையூறாக உள்ளது என்று எழுதினேன்.

காக்கையும் வரவில்லை, தாள் சுவரில் ஏறும் முன்பே விசிலும் போயிற்று.

ஈச்சந்துறையில் ஆயிரம் குக்கர் இருந்தால் ஆயிரமும் ஊமையாயின. ஆவி வரும், குண்டு ஆடும், சத்தம் மட்டும் வராது. மூன்று நாள் ஊர் முழுக்கக் குழைந்த சோறு, பருப்பு அடிப்பிடித்த வாடை. நாலாம் நாள் அதற்கும் வழி பிறந்தது, அந்த வழிதான் என்னைக் கொன்றது. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பாட்டும் இருக்கிறது அல்லவா, முப்பிடாதியின் பாட்டில் நாலு அடி முடிகிற இடத்தில்தான் அவள் வீட்டு விசில் இருந்தது என்று யாரோ ஞாபகம் வைத்திருந்தார்கள். அதுவரை ஒரு தடவை பாடினால் ஒரு விசில். சோற்றுக்கு மூன்று தடவை, பருப்புக்கு ஐந்து, கொண்டைக்கடலைக்கு எட்டு. குக்கரை ஏற்றிவிட்டு ஊரே பாடத் தொடங்கியது. காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு யார் வீட்டு அரிசியோ, யார் வீட்டு அரிசியோ. பாடத் தெரியாதவர்கள், தொண்டை கட்டியவர்கள், மனைவி ஊருக்குப் போன ஆண்கள், எதிரும் புதிருமாய் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து பேச்சை நிறுத்திக்கொண்ட நாத்தனாரும் மதினியும், எல்லோரும் பாடினார்கள். காக்கை கத்திய இடத்தில் எல்லோரும் ஒரு கணம் நிறுத்தி, அந்தக் காலியை மரியாதையாகத் தாண்டிப் போனார்கள்.

ஒரு நாள் என் வீட்டு அடுப்படியிலும் கேட்டது. கோமதிக்கு இவ்வளவு நல்ல குரல் என்று பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரியாது.

"என் பாட்ட ஒரு நாளாவது பாடிருக்கியா நீ?" என்று வாசற்படியில் நின்று கேட்டேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அத பதியும்போதெல்லாம் என்னைய அக்கா வீட்டுக்குல்லா அனுப்பிருவிய. எனக்கு எப்படித் தெரியும்? செத்த இருங்க, ரெண்டாவது விசில் நடக்கு."

மறுநாள் வியாழக்கிழமை. காஜா மைதீன் மூன்றாவது தாளோடு வந்தார். "இதுதான் கடைசி. நாளைக்குச் சாயங்காலம் முடிவு எழுதணும், அதுக்கு மேல திருத்தம் கிடையாது. இப்ப என்ன எழுதுதீரோ அதுதான் நிக்கும்."

அவர் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். காக்கை போய்விட்டது, விசில் போய்விட்டது, வார்த்தையையும் மெட்டையும் தவிர அந்தப் பதிவில் இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். கடைசி வரிக்கு முன்னால் அவள் இழுக்கிற மூச்சு. மத்தியானம் மூன்று மணி, எதிர்வரிசையில் மில் ஓடிக்கொண்டிருந்தது, மோட்டார் சத்தத்துக்கு மேலே அவள் பாடுவதும் கேட்டது. எது எழுதினால் எது போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மூச்சு என்று எழுதினேன். எழுத நினைத்தேன், கை நடுங்கி நிறுத்திவிட்டேன் என்று சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. எழுதினேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு நின்றது.

பாதி வார்த்தையில் நின்றது. ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல் இல்லை, மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு முறம் கீழே விழும் சத்தம் கேட்டது. பத்திர எழுத்தன் எழுதியதை அழிக்க மாட்டான், ரப்பர் போட மாட்டான், ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைப்பான். அடித்தேன். பேனா தாளைக் கிழித்தது. கையெழுத்து வைத்தேன். தெருவுக்கு அப்பாலிருந்து, கிணற்றுக்குள் விழுந்தவள் மேலே வந்ததுபோல ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் இருமல், அப்புறம் யாரோ தண்ணி குடுங்கட்டி என்று கத்துவது. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்தும் கட்டம் காலியாகத்தான் இருந்தது. அந்தப் பாட்டில் எனக்கு என்னதான் குறை என்று முதல்முறையாக என்னையே கேட்டேன், கேட்ட உடனே பதில் வந்துவிட்டது, மூன்று வாரமாக அது தொண்டையிலேயே நின்றிருக்கிறது. நிறையில், முழுவதும் என்று எழுதினேன். அறிவுரையில், எனக்குத் தெரிந்த ஒரே நல்ல நடையில், இந்தப் பாட்டைக் காக்கை உட்பட, குக்கர் விசில் உட்பட, மூச்சு உட்பட, சகல பாத்தியங்களுடன் முப்பிடாதி என்பவர் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதினேன். குறையில், அடித்த வார்த்தைக்குக் கீழே, இந்தப் பாட்டை நான் எழுதவில்லை என்று எழுதினேன். தாளின் அடியில், இதில் அடித்தல் ஒன்று என்று குறிப்பிட்டுக் கையொப்பமிட்டேன்.

மறுநாள் காஜா மைதீன் அதை இரண்டு தடவை படித்தார். "இது ஒரு குறையாவே?"

"எனக்கு இதைவிடப் பெரிய குறை இல்ல."

அவர் சிரிக்கவில்லை. மன்றத்தின் முத்திரையை எச்சில் தொட்டுக் குத்தினார். சாயங்காலம் தாள் சுவரில் ஏறியது, ஊர் வரிசையில் நின்று படித்தது, யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

சனிக்கிழமை விடிந்தபோது காக்கைகள் வந்திருந்தன. கூரையில், கம்பியில், மில் ஜன்னலில், அரிசிக்கடைக்காரர் அப்பாவுக்கு வைத்த சோற்றில். ஏழரை மணிக்கு ஊரின் குக்கர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் அடித்த விசிலில் தொட்டில் குழந்தைகள் அலறி எழுந்தன. ஆனித் தேரன்று முப்பிடாதியின் பாட்டு நாலு ரத வீதியிலும் ஒலித்தது, வடத்தைப் பிடித்தபடி நானும் நின்றேன். காக்கை கத்திய இடத்தில் ஊர் மொத்தமும், கா என்றது. என் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. பொறாமை காக்கையைப் போல அல்ல, ஒரு வரி எழுதினால் போய்விடாது. தேரை மட்டும் இழுத்தேன்.

அந்த வருடத்தோடு கருத்து எழுதுவதிலிருந்து விலகிக்கொண்டேன். ஜெயித்தவர் அடுத்த வருடம் போட்டியிட முடியாது என்பதால் அந்த வேலையை முப்பிடாதிக்குக் கொடுத்தார்கள். மறு வைகாசியில் நான் என் பொருநைப் பாட்டை எட்டாவது முறையாக அனுப்பினேன், பழக்கம் விடவில்லை, அதே ஈரத்துண்டு, அதே அமைதி.

ஞாயிறு மாலை சுவரில் என் தாளைத் தேடிப் படித்தேன். கோழிக்கிறுக்கல் எழுத்து, ஓரத்தில் மாவு விரல் பதிந்திருந்தது. நிறை, சொல் எல்லாம் சுத்தமாக இருக்கு. அறிவுரை, வீட்டில் கோமதி அக்காவையும் கூட இருக்கச் சொல்லுங்க. குறை, ஜன்னல் சாத்தியிருக்கு சார்.

வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. கோமதி திறக்கவில்லை என்றாள். நான் சாத்தினேன், நிற்கவில்லை. ஆசாரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, மரத்தில் ஒரு கோளாறும் இல்லை அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனார். தெருச் சத்தம் எல்லாம் உள்ளே வருகிறது. நான் எழுத உட்கார்ந்தால் ஒரு காக்கை வந்து கம்பியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, என் தாளையே பார்க்கிறது. பன்னிரண்டு வருடப் பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அதற்குப் பாடிக் காட்டினேன். எங்கே கத்துவது என்று தெரியாமல் அது பறந்துபோய்விட்டது.

நாளைக்கும் வரும். கோமதி சோறு வைத்திருக்கிறாள், நான் பொருநையே என்ற முதல் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.